அறிஞ்சூடா அம்மாவும் நாக்குப் புழுவும்

“…அதுக்க வயித்துக்குள்ள லைட்டா போட்டு வச்சிருக்கு, நான் எட்டிப் பாத்துச் சொல்லதுக்கு? கிடாரியா காளையான்னு எனக்கு அறிஞ்சூடா பிள்ளே. பெத்து விழட்டு. ரெண்டு பேருமா சேந்து நோக்குவோம்.”

பசுவின் பின்னால், தோள்வரை ஏறிய பிளாஸ்டிக் உறையோடு நின்றுகொண்டு இதைச் சொன்னார் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி அம்மா. பசுவுக்குச் சொந்தக்காரி விடவில்லை.

“இவ்வளவு தூரம் கைய உட்டும் தெரியல்லியாக்கும்? போன தடவை வந்த ஆளு வாலைப் பாத்தே சொன்னாரு, கிடாரின்னு.”

“பொறந்தது என்ன?”

“காளை.”

“அப்பம் அவருக்கும் அறிஞ்சூடா. எனக்கு, அறிஞ்சூடாங்கதாவது அறியும்.”

தெரியாது என்பதற்கு விளவங்கோட்டுப் பக்கத்துச் சொல் அது. அந்த அம்மா அருமனைக்கு அந்தப்புறம் மலையடிவாரத்தில் எங்கோ பிறந்தவர். எங்கள் பூதப்பாண்டி வட்டாரத்தில் அந்தச் சொல்லும் கிடையாது, அந்தக் காரியமும் கிடையாது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், அந்தப் பஸ்ஸை ஜென்மத்தில் பார்க்காதவனும் “இப்பம் வரும்” என்பான். வழி கேட்டால் கை தானாக ஒரு திசையில் நீளும். அப்படிப்பட்ட ஊருக்கு மாற்றலாகி வந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை “எனக்கு அறிஞ்சூடா” என்று சொல்லி மாதச் சம்பளம் வாங்கினால் சும்மா விடுவார்களா? வந்த மூன்றாம் மாதமே பேர் வைத்துவிட்டார்கள். அறிஞ்சூடா அம்மா. அவர் காதுபடவே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

மரியாதை வேண்டும் என்று நினைத்தவர்கள் டாக்டரம்மா என்றார்கள். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வரும். “டாக்டரு ஜீப்பில வருவாரு. நான் ஸ்கூட்டர்ல வாறவ. கால்நடை ஆய்வாளர்னு போர்டுல எழுதியிருக்குல்லா?” சேலைக்கு மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ, உடம்பெல்லாம் பினாயில் வாசம், ஸ்கூட்டர் கொக்கியில் நீளமான கறுப்புக் குடை. பையில் எந்த நேரமும் மூடி போட்ட இரண்டு கண்ணாடிக் குப்பிகள், ஒன்றில் ஸ்பிரிட், இன்னொன்று காலி. “வழியில யாரைக் காணுவோம்னு அறிஞ்சூடாதுல்லா” என்பார். அவர் சொல்லும் ‘யார்’ என்பது பேன், உண்ணி, புழு இந்த ரகம்.

மற்றவர்கள் தெரியாது என்றால் முகம் சுருங்கும். அவருக்கு விரியும். பந்தியில் அடைப்பிரதமன் பாயசம் முடிந்து இலையை மடக்கப் போகும்போது, “பால் பாயசமும் உண்டு” என்று கேட்டவர் முகம் எப்படி இருக்கும்? அப்படி.

அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது நான் சொன்ன ஒரு பொய்யால். நான் மைக் பிடிக்கிறவன். கோயில் கொடை, திருவிழா, கல்யாணம், கடை திறப்பு, காணாமல் போன ஆடு, எதுவானாலும் என் குரல்தான். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பேசப் பேச வந்த பேச்சு. கோமாரி ஊசி முகாமுக்கு ஆட்டோவில் அறிவிப்புச் செய்யச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார். தாளில் இருந்ததை நான்கு தடவை வாசித்ததும் எனக்கு அலுத்துவிட்டது. “ஊசி போட்டால் பால் பெருகும்! கன்று கொழுக்கும்!” என்று கொஞ்சம் தாளித்துவிட்டேன்.

அடுத்த வளைவில் நடுரோட்டில் கறுப்புக் குடையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஆட்டோ நின்றது. ஜன்னல் வழியாகக் கைவிட்டு மைக்கைப் பிடுங்கினார்.

“இந்தத் தம்பி சொன்னதுல, கோமாரி வராம இருக்கதுக்கு ஊசிங்கது சரி. பால் பெருகுமான்னு எனக்கு அறிஞ்சூடா. கன்னு கொழுக்குமான்னும் அறிஞ்சூடா. மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வாருங்கோ.”

ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. தெரு முழுக்கச் சிரித்தது. எனக்கு ஆட்டோவுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. மைக்கைத் திருப்பித் தரும்போது மட்டும் சத்தம் தாழ்த்திச் சொன்னார்: “உனக்க தொண்டை கொள்ளாம் தம்பி. நல்ல தொண்டை. அதுல வாறதை நோக்கி விடு.”

அன்றைக்கு வந்த மாடுகளுக்கு மருந்து பற்றவில்லை. “பால் பெருகாதுன்னு அந்த அம்மாவே சொல்லிட்டா. அப்பம் கோமாரி வராதுங்கது உண்மையாத்தான் இருக்கும்” என்று பேசிக்கொண்டே ஓட்டி வந்தார்கள்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். எருமை படுத்துவிட்ட வருத்தத்தில் ஒருவர், “தெரியாதுன்னு சொல்லதுக்கா உமக்குச் சர்க்கார் சம்பளம் தருது?” என்று கேட்டார். அந்த அம்மா எருமையின் காதுக்குள் எதையோ தேடிக்கொண்டே, “தெரியும்னு பொய் சொல்லதுக்குத்தான் ஊர்ல வேற ஆளு உண்டே. சம்பளமும் வாங்கல்லே பாவங்க” என்றார். ஆனால் அன்று சாயங்காலமே பெரிய டாக்டரை ஜீப்போடு கூட்டி வந்து நிறுத்தியதும் அவர்தான்.

ஒரு தடவை இரண்டு வீட்டுக்காரிகளுக்குள் பெரிய சண்டை. ஆறு கோழி ஒரே நாளில் செத்துவிட்டது. விஷம் வைத்தது பக்கத்து வீட்டுக்காரி என்று இவள் மண்ணை வாரித் தூற்றுகிறாள். அந்த அம்மா ஸ்கூட்டரை நிறுத்தி, நடையில் குத்தவைத்து, ஒரு பிளேடால் கோழியின் இரைப்பையைக் கீறினார். உள்ளே முத்து முத்தாக வெள்ளையாய்த் தெர்மாகோல். இன்னொரு கோழியிலும் அதுவேதான்.

“உங்க வீட்டுக்குப் புதுசா என்ன சாமான் வந்து?”

“டிவி.”

“அந்தப் பெட்டியை எங்க போட்ட?”

அவள் கை அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தைத்தான் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். பின்னே இவளும் சிரித்தாள். “ஆளைக் காணாம பேரு விளிக்காதுங்கோ” என்றார் அந்த அம்மா. விளிப்பது என்றால் கூப்பிடுவது. எங்கள் வீட்டில் இன்றும் அந்தச் சொலவம் புழக்கத்தில் இருக்கிறது.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று என் மனைவி ஒருமுறை கேட்டதற்கும் முகம் விரிய அதே பதில்தான் வந்தது. “எனக்கு அறிஞ்சூடா மக்களே. நானும் அதைத்தான் நோக்கிக்கிட்டிருக்கேன்.”

இனி என் தொண்டைக் கதை.

எங்கள் மாடன் கோயிலில் சித்திரையில் மூன்று நாள் கொடை. மூன்றாம் நாள் காலையில் கிடாய் வெட்டிப் படையல். அது முடிந்ததும் கோயில் மதிலுக்கு வெளியே சிரட்டைக் கனலில் ஈரலைச் சுடுவார்கள். அதில் முதல் துண்டு மைக்காரனுக்கு. மூன்று நாளாய்த் தொண்டை கிழியக் கத்தியவன் இல்லையா? அந்தத் துண்டுக்குத் தொண்டைத் துண்டு என்றே பேர். அதை அதிகம் வேகவிடக் கூடாது, உள்ளே சிவப்பு மாறாமல் தின்றால்தான் குரல் கணீரென்று வரும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். எனக்கு முன்னால் மைக் பிடித்தவரும் அப்படித்தான் தின்றார். ஈரல் சுடுவது என் மச்சினன். அவன் எனக்குள்ள துண்டைக் கனலில் ஒரு புரட்டுப் புரட்டி, “அத்தான், பிடியுங்கோ, துடிப்பு அடங்கல்ல” என்று வாழையிலைக் கீற்றில் வைத்துக் கொடுத்தான். தின்றேன். மற்றவர்களுக்கு நன்றாக வெந்தது.

மத்தியானம் காதுக்குள் அரிப்பு எடுத்தது. பிறகு தொண்டையின் மேல்பகுதியில், மூக்கு வந்து சேரும் இடத்தில், நெத்திலி முள் குத்தி நிற்கிற மாதிரி. முள் சும்மா நின்றால் பரவாயில்லை. இது இடம் மாறியது. தும்மல் என்றால் அப்படி ஒரு தும்மல். மறுநாள் பேச வாயைத் திறந்தால் காய்ந்த ஓலையை இழுத்த சத்தம் வந்தது. டாக்டரிடம் போனேன். கொடையில் கத்தியதும் புகையும் தூசியும் சேர்ந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்று மாத்திரை கொடுத்து, குறையவில்லை என்றால் வரச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் ஈரல் தின்ற கதையை அவரிடம் சொல்லவில்லை. ஈரல் மருந்தல்லவா, அதை யார் சீக்கோடு சேர்ப்பார்கள்?

மூன்றாம் நாள் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். நலம் விசாரிக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் குறுக்கு விசாரணைக்கு வந்திருந்தார்.

“கிடாய் யாருக்க உபயம்?”

“உங்க…” என்றேன். ஓலைச் சத்தம்.

“வாழைக்குலை?”

துபாயில் இருக்கும் பையன் ஒருவனை, கையால் விமானம் பறக்கவிட்டுக் காட்டினேன்.

“நீ மைக்ல முதல்ல யாருக்க பேரை வாசிச்சே? வாழைக்குலைக்காரனுக்க பேரை. கிடாய்க்காரன் ரெண்டாமது. நான் ஒண்ணும் சொல்லல்லப்பா. ஆனா மாடன் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு?”

அது உண்மைதான். தாளில் எழுதியிருந்த வரிசையில் வாசித்துவிட்டேன். என் மனைவி முற்றத்தில் நின்றே கேட்டாள்: “மாடனுக்கு வரிசை முக்கியமா, உங்களுக்கா?” தலைவர் எழுந்தார். “சாமி பிடுங்கின குரலை நாம திருப்பிக் கொடுக்க முடியாதும்மா. ஆடியில நேர்ச்சைக் கிடாய் வெட்டு வருது. அதுக்கு வேற ஆளைப் பாக்கோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடன் தொண்டையைப் பிடித்தான் என்று ஒரு கோயிலில் சொன்னால், சுற்று வட்டாரத்தில் ஒரு கோயிலும் கூப்பிடாது. குரல் திரும்பி வந்தாலும் மைக் திரும்பி வராது. வேறு தொழிலும் எனக்குத் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நானும் மாடனைக் கும்பிடுகிறவன்தானே.

நாலாம் நாள் காலை, கோழி ஊசி முகாமுக்கு அறிவிப்புச் செய்ய ஆள் வராததால் அந்த அம்மா வீடு தேடி வந்தார். மனைவிக்கு அவரைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது. “பெரிய சீக்கா இருக்குமோக்கா? ஒண்ணுமில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“எனக்கு அறிஞ்சூடா பிள்ளே.”

“ஆறுதலுக்காவது சொல்லப்பிடாதா? நீங்கல்லாம் என்ன மனுஷியோ!” மனைவி அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அந்த அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என்னிடம் திரும்பி, கொடையன்று காலையிலிருந்து தின்றது குடித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். பேச முடியாததால் கையால் சொன்னேன். ஈரலுக்கு வந்தேன்.

“எல்லாரும் தின்னதா?”

என் துண்டு மட்டும் தனி என்று காட்டினேன். மச்சினனைக் கூட்டி வரச் சொன்னார். அவன் வந்து, “உள்ள செவப்பாத்தான் இருந்து. தொண்டைத் துண்டுல்லா, அப்பிடித்தானே கொடுக்கணும்?” என்றான் பெருமையாக.

அந்த அம்மா முகத்தில் பால் பாயசம் வந்தது. “தும்மல்ல என்னவாவது வந்து விழுந்துதா?”

இரண்டாம் நாள் துவர்த்தில் மூக்கைச் சிந்தியபோது என்னவோ விழுந்த மாதிரி இருந்தது. துவர்த்து என்றால் எங்களுக்குத் தோளில் போடும் துண்டு. அது எங்கே என்றார். மனைவி உள்ளிருந்தே சொன்னாள்: “அலக்கிக் காயப் போட்டாச்சு. மூக்கைச் சிந்தின துணியை வச்சுப் பூசையா பண்ணுவாவ?”

“அயிட்டம் போச்சே!” என்று தலையில் கைவைத்தவர், வெளியே போய்க் குடையோடு திரும்பி வந்தார். குடையை விரித்து, தலைகீழாகத் திருப்பி, பெரிய உருளி போல என் மடியில் வைத்தார். “வெள்ளையா எது விழுந்தாலும் கறுப்புல தெரியும். தும்மு.”

மூன்று நாளாக வீடு அதிரத் தும்மியவனுக்கு அப்போது தும்மல் வரவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. “என்ன ஓய், வீட்டுக்குள்ள மழையா?” என்றார் ஒருவர். இன்னொருவர் மூக்குப்பொடி மட்டையை நீட்டினார். அந்த அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். “பொடி போட்டா பொடியும்லா சேந்து விழும்? எது எதுன்னு எப்பிடி நோக்க? இரிக்கட்டு. வரும்.” சொல்லிவிட்டு எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஸ்கூட்டர் வெயிலில் காய்ந்தது. கோழிகள் ஊசிக்குக் காத்திருந்தன. அவர் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. “இவ்வளவு பேரு உத்துப் பாத்தா இருக்க உசிரும் போயிரும். கண்ணேறு கழிக்கணும்.” உப்பும் கடுகும் ஒரு பிடி மிளகாய் வத்தலும் எடுத்து என்னைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி, முற்றத்துச் சிரட்டை நெருப்பில் கொண்டு கொட்டினாள். கண்ணேறு பட்டிருந்தால் வத்தல் நெடி வராது என்பது கணக்கு. வந்தது. தெருமுனை வரை வந்தது. அந்த அம்மா தும்மினார், மச்சினன் தும்மினான், பொடிமட்டைக்காரர் தும்மினார். நான் பத்துப் பதினைந்து தடவை தும்மியிருப்பேன், எல்லாம் குடைக்குள்.

புகை அடங்கியதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, குடைத்துணியைக் கம்பி கம்பியாகத் தேடினார். நாலாவது கம்பிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் டார்ச் நின்றது.

“வந்தியா மக்களே,” என்றார். என்னிடம் இல்லை.

வெள்ளரி விதையில் பாதி இருக்கும். வெள்ளையாக, தட்டையாக, ஒரு முனை அகன்று மறுமுனை கூம்பி, உடம்பு முழுக்க வளையம் வளையமாக. அது நெளிந்தது. கூட்டம் இரண்டடி பின்னால் போயிற்று. மனைவி அதையும் நெருப்பில் போடக் கையை நீட்டினாள். அதற்குள் அது குப்பிக்குள் போய்விட்டது.

“நான் சுத்திப் போட்டதுலதான் விழுந்து,” என்றாள் மனைவி.

“இருக்கலாம். எனக்கு அறிஞ்சூடா,” என்றார் அந்த அம்மா. மனைவி அன்றைக்கு அவருக்குச் சோறு போடாமல் அனுப்பவில்லை.

சாப்பிடும்போது சொன்னார்: “ஆளு தெரிஞ்ச முகந்தான். ஆட்டுக்க ஈரல்லயும் குடல்லயும் கண்டிருக்கேன். மனுஷன் மூக்குல இருந்து எறங்கி வாறதை இப்பந்தான் காணுகேன். அதனால பேரு நான் சொல்ல மாட்டேன். படிச்சவங்க சொல்லட்டு.” அன்று மத்தியானமே என்னைப் பின்னால் ஏற்றி நாகர்கோவிலில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, வீக்கம் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே வேறு ஆளில்லை என்றார். குப்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “இதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். மனுஷனுக்கு வருவது ரொம்ப அபூர்வம்” என்று செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் என் குரல் முழுசாகத் திரும்பியது. முதலில் பேசியது மனைவியிடம். “சோறு கொண்டா” என்றேனாம். அதற்கும் அழுதாள்.

குப்பி கால்நடைக் கல்லூரிக்குப் போய்ப் பதில் வந்தது. பேர் நாக்குப் புழு. நாக்கில் இருப்பதால் அல்ல, நாக்குப் போன்ற வடிவம் என்பதால். அந்த அம்மா எனக்கு ஸ்கூட்டர் சீட்டின் மேல் கடிதத்தை விரித்துச் சொன்னார்.

“பேருதான் புழு. ஆளு நண்டு, கூனி எறால் இதுகளுக்க தூரத்துச் சொந்தம். கேட்டியா? பெரியவன் நாய்க்க மூக்குக்குள்ள குடியிருப்பான். நாயி தும்மும். முட்டை புல்லுல விழும். ஆடு மேயும். ஆட்டுக்க ஈரல்ல குட்டி வளரும். கொடையில நாம பச்சைக் குடலை எறிவோம், நாயி திங்கும், திரும்ப மூக்குக்குப் போவான். இதுதான் அவனுக்க பஸ் ரூட்டு. நீ நடுவில கையக் காட்டி நிறுத்தி ஏத்திட்டே. நாய் மூக்குன்னு நெனச்சு உனக்க தொண்டைக்கு ஏறி வந்து, இது வீடு இல்லேன்னு தெரிஞ்சு முழிச்சிருப்பான் பாவம்.”

குப்பியின் படம் வாட்ஸப்பில் ஊரைச் சுற்றியது. ‘மாடன் அனுப்பிய நண்டு’ என்று எவனோ எழுதிவிட்டான். அதுதான் வினையாயிற்று. ஆடிக் கிடாய் வெட்டுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் வளாகத்தில் வரிக்காரர்கள், அதாவது கோயிலுக்கு வரி கட்டும் வீட்டுக்காரர்கள் கூட்டம். யார் மைக் பிடிப்பது என்பது பேச்சு. வேறொருவனுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டதாகக் கேள்வி. நான் அந்த அம்மாவைக் கும்பிடாத குறையாகக் கூட்டிப் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு.

நாய், புல், ஆடு, ஈரல் என்று பஸ் ரூட்டை அவர் எல்லோருக்கும் சொன்னார். தலையாட்டிக் கேட்டார்கள். தலைவரும் கேட்டார். கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமினார்.

“எல்லாம் சரி டாக்டரம்மா. புழு வந்த வழி சொன்னீங்க. இத்தனை காலமா எத்தனையோ பேரு தொண்டைத் துண்டு தின்னிருக்கான். வரிசையை மாத்தி வாசிச்சவன் தொண்டைக்குத்தானே புழு ஏறிச்சு? அதை அனுப்பினது மாடன் இல்லைன்னு நீங்க சொல்லுவீங்களா?”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை என்று சொல்லுங்கள் தாயே. மூன்றே எழுத்துள்ள சின்ன வார்த்தை. சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

“எனக்கு அறிஞ்சூடா,” என்றார்.

“பாத்தியளா!” தலைவர் துள்ளி எழுந்தார். “டாக்டரம்மாவுக்கே தெரியல்ல!” கூட்டத்தில் சலசலப்பு. இத்தனை நாள் அந்தச் சொல்லை நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அது என் தலையில் வந்து இறங்கியது.

“இரியுங்கோ, சொல்லி முடிக்கல்லே,” என்றார் அந்த அம்மா. “அறிஞ்சூடான்னா நோக்கணும்லா. இந்தத் தடவையும் இவனே மைக் பிடிக்கட்டு. பேரை அதே மாதிரி மாத்தி வாசிக்கட்டு. கிடாய்க்காரன் ரெண்டாமது. ஆனா ஈரலை நல்லா வேக வச்சுத் திங்கட்டு. தொண்டை பிடிச்சா மாடன். பிடிக்கல்லேன்னா புழு. குடலையும் பச்சையா நாய்க்கு எறியாண்டாம், அவிச்சுப் போடுங்கோ.”

பின்வரிசையில் ஒருவர், “ஆடிக் கிடாய் யாருக்க நேர்ச்சை?” என்று கேட்டார்.

தலைவருடையது.

“எனக்க பேரைத் திரும்பவும் ரெண்டாமது வாசிக்கவா!” என்றார் அவர். அதற்குமேல் கூட்டத்தை அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. “தலைவரே, மாடனுக்காக வேண்டி ஒரு தடவை பொறுத்துக்கிடும்!” என்று நாலாபுறமும் குரல். தலைவருக்கும் கடைசியில் வாயோரம் கோணியது. மாடனுக்காக என்ற பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

ஆடி மாதம், கிடாய் வெட்டிய காலை. மைக்கைப் பிடித்தேன். மாடனை மனசுக்குள் கும்பிட்டு, “குத்தம் இருந்தா பொறுத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டு, வாழைக்குலைக்காரர் பேரை முதலில் வாசித்தேன். தலைவர் பேர் இரண்டாவது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். என் குரல் குளத்துக்கு அக்கரையில் மோதித் திரும்பி வந்தது. பிறகு மச்சினன் ஈரலைச் சுட்டான். அந்த அம்மா கனல் பக்கத்திலேயே குத்தவைத்து, “இன்னும், இன்னும்” என்று அவனை எழவிடவில்லை. இலைக்கீற்றில் வந்தது கரிக்கட்டை. எல்லோரும் பார்க்கத் தின்றேன்.

அன்றைக்கும் மறுநாளும் ஊரே என் தொண்டையைப் பார்த்தது. எதிரே வந்தவர்களெல்லாம் “ஒரு வார்த்தை பேசும் ஓய்” என்றார்கள். மூன்றாம் நாள் பொங்கலிட்டுப் பூசை முடித்து, வெட்டிய அன்றே உப்புப் போட்டு வறுத்து வைத்திருந்த மிச்ச இறைச்சியையும் ஈரலையும் பங்கு வைத்தார்கள். நான் நன்றி சொல்லி மைக்கை அணைத்ததும் தலைவர் அந்த அம்மாவிடம் வந்தார்.

“தொண்டை கணீர்னுதான் இருக்கு. அப்பம் புழுதான், இல்லியா டாக்டரம்மா? சண்டை தீந்துது. அடுத்த கொடைக்குப் பேரை ஒழுங்கா வாசிக்கச் சொல்லலாம்லா?”

“ஒரு தடவை நோக்கினா போராது,” என்றார் அந்த அம்மா, முகமெல்லாம் பாயசமாக. “அடுத்த கொடையிலும் இவனே பிடிக்கட்டு. அதுக்கு அடுத்ததிலும். பேரு ரெண்டாமதுதான். பத்துப் பதினஞ்சு கொடை நோக்கினாத்தான் எனக்கு என்னவாவது சொல்ல ஒக்கும்.”

தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மைக்கை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்த அம்மா என் இலையிலிருந்து ஒரு துண்டு வறுத்த ஈரலை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, வெயிலுக்கு நேரே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.